மலைக்கு எடுத்து வைத்த முதல் கரண்டி

ஜோதியம்மாளின் தயிர்சாதத்தில் குறை சொன்ன ஆள் பதினோரு வருஷத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் முந்தின நாள்தான் பல் செட்டு மாட்டிக்கொண்டு வந்தவர். வாயில் எது பல், எது பருக்கை என்று பிடிபடாமல் தவித்துக்கொண்டிருந்தார். மற்றபடி பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்துப் புளியமரத்தடியில் அவள் போடும் பந்தலுக்கு நிற்கிற வரிசை, மலையை ஒரு சுற்று சுற்றி வந்து தன் வாலைத் தானே மிதிக்கும் என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். முக்கால் சுற்று இருக்கும்.

நாலு அண்டா சாதம். ஒவ்வொரு அண்டாவிலும் ஓர் ஆள் நீச்சல் பழகலாம். அரிசியைக் குழைய வடித்து, விசிறி போட்டு ஆறவைத்து, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலையைத் தாளித்துக் கொட்டி, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றிப் பிசைவாள். தயிர் பேருக்குத்தான், அண்டாவுக்கு ஒரு செம்பு. பகல் ஒரு மணிக்குப் பிசைகிற சாதம் கடைசி ஆள் கையை நீட்டும் வரைக்கும் புளிக்கக் கூடாது என்பது அவளுடைய கொள்கை. அதற்காக அவள் பாலில் எவ்வளவு பிடிவாதம் காட்டினாள் என்றால், சித்திரைப் பௌர்ணமி அன்று அடி அண்ணாமலையில் கன்றுக்குட்டிகள் பட்டினி என்று ஒரு பேச்சே உண்டு.

பிசைந்து முடித்ததும், யாரும் ஒரு பருக்கை வாயில் போடும் முன், நாலு அண்டாவிலிருந்தும் முதல் கரண்டியை எடுத்து ஒரு எவர்சில்வர் தூக்கில் போடுவாள். அது மலையின் பங்கு. தூக்கை மலையைப் பார்க்க வைத்து, கற்பூரம் காட்டி, அண்டாக்களுக்குத் திருஷ்டி கழித்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிவிட்டால், மாலை ஐந்து மணி வரைக்கும் கலெக்டரே வந்தாலும் திறக்க மாட்டாள். ஊருக்குக் கொடுக்கிற சோற்றில் தனக்கென்று ஒரு பிடி எடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மலையின் பங்கு ராத்திரி ஃப்ரிட்ஜில் தூங்கும். மறுநாள் மத்தியானம் அதைத்தான் ஜோதியம்மாளும் அவள் புருஷன் ஆதிமூலமும் பிரசாதமென்று சாப்பிடுவார்கள்.

இந்தச் சித்திரைப் பௌர்ணமிக்கும் எல்லாம் அப்படியே நடந்தது. நாலு அண்டாவும் ஒன்பது மணிக்குள் காலி.

மறுநாள் சாயங்காலம் செய்தி வந்தது. முப்பத்தொரு பேருக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வாந்தி. முப்பத்தொரு பேரும் ஜோதியம்மாள் பந்தலில் சாப்பிட்டவர்கள். அது பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது முந்நூறு ஆயிற்று. போளூரைத் தொடும்போது மூவாயிரம். வேலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது கிரிவலப் பாதையில் ஆம்புலன்ஸ்களே ஒன்றை ஒன்று முந்த முடியாமல் கிரிவலம் வந்துகொண்டிருந்தன. உண்மையில் பதினெட்டுப் பேர் மாத்திரை வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதில் ஓர் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் இருந்தது. மூன்றாம் நாள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜோதியம்மாள் பெயர்தான் எழுந்து உட்காரவில்லை. பந்தலுக்கு முப்பதடி தள்ளிச் சுண்டல் கொடுக்கிற சகாதேவனுக்கு அந்தப் புளியமர நிழல் மேல் ஏழு வருஷமாக ஒரு கண். அவன் டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு வாய் டீக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில், சாவகாசமாக அவளுக்குப் புதுப் பெயர் வைத்தான்: பேதியம்மாள். டீ ஆறுவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

செய்தி வந்த அன்று ராத்திரியே உணவு பாதுகாப்பு அலுவலர் முருகவேல் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஓர் ஐஸ் பெட்டி. சாதுவான மனிதர். ஆனால் அவர் ஜீப்பைக் கண்டால் டவுன் ஓட்டல்களில் வடைச் சட்டி எண்ணெய் தானாகவே போய் மாறிக்கொள்ளும் என்பார்கள்.

"மிச்சம் ஏதாவது இருக்காம்மா? பரிசோதனைக்கு வேணும்."

"மிச்சமா? என் அண்டாவுல மிச்சம்னு ஒன்னு இருந்ததே கிடையாது சார். நேத்தே தேய்ச்சிக் கவுத்தாச்சி. மொகம் பாத்துக்கலாம்."

"அதான்மா சங்கடம். சோறு இல்லன்னா, சோத்துல இருந்துச்சின்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

அப்போதுதான் அவளுக்குத் தூக்கு ஞாபகம் வந்தது. மத்தியானம் பாதி சாப்பிட்டாயிற்று. பாதி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அவள் வாயைத் திறப்பதைப் பார்த்து, முருகவேலின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஆதிமூலம் புருவம், தோள், துண்டு, ஒற்றைக் கால் என்று உடம்பில் இருந்த எல்லாவற்றையும் ஆட்டி 'வேண்டாம்' என்றார். நாடகத்தில் கூட யாரும் அவ்வளவு நடிப்பு நடித்ததில்லை.

"மலையோட பங்கு கீது சார்," என்றாள் ஜோதியம்மாள். "அதே அண்டாவுல எடுத்ததுதான். நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கி மத்தியானம் தின்னோம். கல்லு மாதிரி நிக்கறோம். எடுத்துக்கினு போயி பாருங்க."

முருகவேல் சுத்தமான கரண்டியால் அள்ளி, பையில் போட்டு, சீல் வைத்து, பெட்டிக்குள் வைத்தார். போகும்போது ஒன்று சொன்னார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் பந்தலுக்கு அடுப்பு பத்த வைக்கக் கூடாது. வைகாசிப் பௌர்ணமிக்கு அனுமதி தர்றதா வேணாமான்னு ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

ஜீப் போனதும் ஆதிமூலம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "தூக்குல போடறவனுக்குத் தூக்கையே எடுத்துக் குடுத்தவ உலகத்துல நீ ஒருத்திதான்டி."

---

பரிசோதனைக்கு ஐந்து நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து நாளும் வீட்டில் உட்கார்ந்திருக்க ஜோதியம்மாளால் முடியுமா? காலை பஸ் பிடித்து டவுனுக்குப் போய், லேப் வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போய்ப் பழக்கமில்லாததால் ஒரு நாள் புளிசாதம், ஒரு நாள் கொழுக்கட்டை என்று டப்பா ஒன்றும் கூடவே வரும். அந்த லேபில் பதினாலு பேர் வேலை செய்தார்கள். டப்பாவைக் கண்டதும் பதினாலு பேருக்கும் ஒரே நேரத்தில் விரதம் வந்துவிட்டது.

தினம் வந்து பேசியது தேவிப்ரியா மட்டும்தான். நுண்ணுயிர்ப் பிரிவு அவள் பொறுப்பு. முப்பது வயதிருக்கும், வெள்ளைக் கோட்டுப் பையில் நாலு பேனா, நாலும் எழுதாது.

"இன்னா பாப்பா இது, ஒரு சோத்தப் பாக்கறதுக்கு அஞ்சி நாளு? கண்ணாடி போட்டுக்கினு பாத்தா தெரியாதா?"

"கண்ணாடில பாத்தா சோறுதாம்மா தெரியும். ஒரு கரண்டி சோத்துல கெட்ட கிருமி பத்தோ இருபதோதான் இருக்கும். மத்த கிருமி லட்சக்கணக்குல இருக்கும். பௌர்ணமிக் கூட்டத்துல ஒரு திருடனத் தேடற மாதிரி. அதனால மொதல்ல உங்க சோத்துல இருபத்தஞ்சு கிராம் எடுத்து ஒரு சூப்புல போட்டுட்டோம். ஒரு நாள் பூரா உடம்புச் சூட்டுல வச்சிருப்போம். அதுங்க நல்லா சாப்பிட்டுப் பெருகும்."

ஜோதியம்மாள் கையிலிருந்த டப்பா நழுவியது. "கெட்டதுக்கு சோறு போட்டு வளக்கறீங்களா?"

"ஆமாம்மா. அன்னதானம்தான்."

மறுநாள் போனபோது, சூப்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொரு சூப்பில் விட்டிருந்தார்கள். இந்த இரண்டாவது சூப்பில் மற்ற கிருமிகளுக்கு ஆகாத சரக்கு ஒன்று கலந்திருக்கிறது. தேடுகிற கிருமிக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளும். கூட்டத்தைக் கலைத்துவிட்டுத் திருடனை மட்டும் பந்தியில் உட்கார வைப்பது. மூன்றாம் நாள் அதிலிருந்து ஒரு கம்பி நுனியில் தொட்டு, சிவப்பாகக் கூழ் உறைய வைத்த தட்டுகளில் கோலம் மாதிரி இழுத்து விட்டார்கள். தேடுகிற கிருமி இருந்தால் அந்தச் சிவப்பில் கருப்புப் புள்ளி புள்ளியாக எழும்பும்.

"கோலத்துல புள்ளி வச்சா நான் தோத்தேன்," என்றாள் ஜோதியம்மாள்.

இதற்கு நடுவில் சமைத்தவர்களின் வயிற்றையும் சோதிக்க வேண்டும் என்று அவளிடமும் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, எதை நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள் என்பதை அவள் சாகும்வரை யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆதிமூலம் அன்று மாலையே டீக்கடையில் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் தேவிப்ரியா வெளியே வரவில்லை. ஜோதியம்மாளைக் கதவுக் கண்ணாடி அருகே கூப்பிட்டாள். உள்ளிருந்து நாலு தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். மூன்று தட்டில் சிவப்புத் தரை முழுக்க மிளகு கொட்டினாற்போல் கருப்புப் புள்ளிகள். நாலாவது தட்டு துடைத்துவிட்டது மாதிரி வெறும் சிவப்பு.

பிறகு கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தாள். "அந்த மூனும், உங்க தயிர்சாதத்தப் பார்சல் கட்டிக்கிட்டுப் போன ஆளுங்களோடது. ரமணாசிரமம் பக்கம் ஒரு ரூம், டவுன்ல ரெண்டு லாட்ஜ். ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்ததை முருகவேல் சார் தேடிப் புடிச்சிட்டு வந்தார். மூனுலயும் சால்மொனெல்லா. ஆஸ்பத்திரியில இருந்தவங்க வயித்துலயும் அதே கிருமிதான்."

"அப்ப அந்த நாலாவது?"

"அதுதான் நீங்க குடுத்தது. கூடவே இன்னொரு பங்கு தனியா வச்சும் பாத்துட்டேன். ஒன்னும் இல்ல. உங்க வயித்துலயும் ஒன்னும் இல்ல."

ஜோதியம்மாளுக்கு வராந்தா, பெஞ்சு, பதினாலு விரதக்காரர்கள் எல்லாமே கொஞ்ச நேரம் சுற்றின. தேவிப்ரியாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"அதே அண்டா. அதே கரண்டி. உங்க பங்குல இல்ல, ஊர்ப் பங்குல இருக்கு. மொதக் கரண்டி எடுத்த பின்னாடி ஏதோ உள்ள போயிருக்கு. என்னம்மா போட்டீங்க? மல்லி, மாதுளம்பழம், ஐஸ் கட்டி?"

"ஒன்னும் போடலியே. போட வேண்டியதெல்லாம் போட்டு, பிசைஞ்சி முடிச்சப்புறம்தான் மலைக்கே எடுப்பேன். அதுக்கு மேல ஒரு கல்லு உப்புகூடப் போட மாட்டேன். சத்தியமா ஒன்னும் இல்ல."

"சரி. எங்கருந்து வந்ததுன்னு தெரியலன்னா, 'காரணம் கண்டறிய முடியவில்லை'னு எழுதித்தான் குடுக்கணும். உங்க மேல குத்தம்னு எழுத முடியாது."

---

ஆதிமூலம் அன்று நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். சட்டசபைத் தேர்தலில் ஜெயித்தவன்கூட அப்படி வேட்டியை மடித்துக் கட்டியதில்லை. டீக்கடையில் நின்று, "மலையே சாட்சி சொல்லிடுச்சிடா! கிருமி எங்க சோத்துல இல்ல, ரூமு ரூமா வச்சிருந்த டப்பாவுலதான் இருந்துதாம்!" என்று கூவினார். சால்மொனெல்லா என்ற பெயர் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், யாரோ இத்தாலிக்காரப் பெண்ணைப் பற்றிப் பேசுவதைப் போல வாய் நிறையச் சொன்னார். சகாதேவன் மட்டும், "அப்ப பந்தல்லயே நின்னு தின்னவனுக்கு எப்படி வந்துது? கிருமி டப்பாவுலயிருந்து அண்டாவுக்கு கால் முளைச்சிப் போச்சா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. காற்று திரும்பிவிட்டது.

ரெண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம். ஆதிமூலம் அவளைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார்.

"இந்தா ஜோதி, இப்டி வந்து நில்லு. பத்து நாளா ஊர்க் கண்ணு மொத்தமும் உன் மேலதான். சுத்திப் போட்டாத்தான் சரியா வரும்."

வேப்பங்கொத்து ஒடித்தார். கொல்லையின் பழைய கிணற்றில் ஒரு செம்பு தண்ணீர் சேந்தினார். வீட்டுக்குக் குடிக்க, சமைக்க எல்லாம் குழாய்த் தண்ணீர்தான். இந்தக் கிணறு திருஷ்டிக்கு மட்டும். கொத்தைத் தண்ணீரில் முக்கி, மூன்று தரம் சுற்றி, அவள் தலை மேல் சளீரென்று தெளித்தார். ஒரு சொட்டு அவள் உதட்டில் விழுந்தது.

ஜோதியம்மாள் அப்படியே நின்றாள்.

அண்டாக்களுக்கும் இதேதான். இதே கிணறு, இதே செம்பு, இதே கொத்து. பசியோடு நிற்கிற ஆயிரம் கண்ணும் சோற்றின் மேல் விழுமே என்று, மலைக்குப் பங்கெடுத்தபின் ஒவ்வோர் அண்டாவிலும் மூன்று தரம் தெளிப்பாள். மலையின் தூக்கில் மட்டும் தெளிப்பதில்லை. மலைக்கு எதற்குத் திருஷ்டி? தேவிப்ரியா 'என்ன போட்டீங்க' என்று கேட்டபோது அவள் ஒன்றும் ஒளிக்கவில்லை. உப்பு போடுவது, மல்லி போடுவதுதான் போடுவது. திருஷ்டி கழிப்பதை யாராவது சமையல் கணக்கில் சேர்ப்பார்களா?

கண் கிணற்றிலிருந்து மெல்ல நகர்ந்தது. கிணற்றுக்கு நாலடி தள்ளி, கம்பி வலை போட்டு ஆதிமூலம் எழுப்பிய நாட்டுக்கோழிக் கொட்டகை. தை மாசம்தான் கட்டினார். நாற்பது கோழி. நாற்பதுக்கும் பெயர் வைத்திருந்தார். சித்திரைப் பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்னால் வந்த கோடை மழையில் அந்தக் கொட்டகையிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் ஓடி, இடிந்த கிணற்றுச் சுவரின் சந்து வழியே உள்ளே இறங்கியதை அவளே நின்று பார்த்திருக்கிறாள். கோழிகள் நனைகிறதே என்று கவலைப்பட்டிருக்கிறாள்.

வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். ஒரு தரம் இல்லை, ஒன்பது தரம்.

"ஏங்க. இந்தத் தண்ணிதாங்க."

சொன்னதைக் கேட்டு ஆதிமூலம் கொஞ்ச நேரம் கோழிகளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், செம்பைத் தரையில் வைத்தார். மனுஷன் முட்டாள் இல்லை.

"யாரனா கேட்டாங்களா?"

"இன்னா கேட்டாங்களா?"

"காரணம் தெரியலன்னு எழுதப் போறாங்க. பந்தல் வந்துடும். பேரு வந்துடும். நாளைக்கி கெணத்தத் தூத்துட்டு, கொட்டாய அந்தாண்ட மாத்திட்டா தீந்துது கத. கேக்காத கேள்விக்கு எதுக்கு நீயா போயி பதில் சொல்ற?"

"அந்தப் பொண்ணு கேட்டா. கேட்டா. நான் சத்தியம் பண்ணி ஒன்னும் இல்லன்னேன்."

"தெரியாமத்தான சொன்ன."

"இப்ப தெரியுது இல்ல?"

"தெரிஞ்சா? ஊரு இன்னா சொல்லும்னு யோசிச்சியா? இப்பதான் அந்தப் பேர விட்டுக்கினு வரானுங்க. போயி சொன்னீனா கல்லுல வெட்டிடுவான் அந்தச் சகாதேவன்."

ஜோதியம்மாள் முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் பாதையில முப்பது பந்தல் கீது. எத்தினி பேரு வேப்பங்கொத்தும் கெணத்துத் தண்ணியுமா நிக்கறாங்க தெரியுமா? ஒருத்தரும் அதப் போட்டதா நெனைக்க மாட்டாங்க, நான் நெனைச்சனா? அந்தப் புள்ளைக்கு அஞ்சி வயசுங்க. கைல ஊசி எடம் கெடைக்காம மூனு தரம் குத்துனாங்களாம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த முருகவேல் சாரு சொன்னாரு."

கொட்டகைக்குள் சுமதி என்கிற சேவல் (பெயர் வைக்கும்போது குஞ்சு, தெரியவில்லை) ஒரு தரம் கூவியது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜோதியம்மாள் குடிதண்ணீர் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மேலே மூன்று பிளாஸ்டிக் பை கட்டி, மடியில் வைத்துக்கொண்டு போனாள். பக்கத்து சீட்டுக்காரர் தாகமென்று கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையில் அந்த மனிதர் பெரிய கோயில் ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். அவர் போக வேண்டியது செங்கத்துக்கு.

தேவிப்ரியா கதை முழுவதையும் நின்றபடியே கேட்டாள். பேனா ஒன்றை எடுத்தாள், எழுதவில்லை, இன்னொன்றை எடுத்தாள்.

"வேப்பங்கொத்தால தெளிச்சீங்க. எத்தனை சொட்டு விழுந்திருக்கும்?"

"ஒரு அண்டாவுக்கு ஒரு கை இருக்கும். அதுலயா பாப்பா முப்பத்தொரு பேரு?"

"ஒரு கை போதும்மா. ஒரு மணிக்குத் தெளிச்சீங்க, துணி கட்டி மூடினீங்க, ஒன்பது மணி வரைக்கும் குடுத்தீங்க. எட்டு மணி நேரம், சித்திரை வெயில். நாங்க சூப்புல வச்சி வளர்த்தோமே, அதே வேலைய உங்க அண்டா செஞ்சிருக்கு. நல்லா புளிச்ச தயிரா இருந்திருந்தாகூட அதுங்களுக்குக் கஷ்டம். நீங்க பாலை ஊத்திப் புளிக்காமப் பாத்துக்கிட்டீங்க."

"ஊருக்கு ருசியா இருந்தது அதுக்கும் ருசியா இருந்துதுன்ற."

"ஆமா."

பாட்டிலை மட்டும் அவள் வாங்கவில்லை. குடித்த பாட்டிலில் எடுத்த தண்ணீர் எதையும் நிரூபிக்காது. கிருமி நீக்கிய பாட்டிலில், முறைப்படி எடுக்க வேண்டும். அன்று மத்தியானமே முருகவேலோடு ஜீப்பில் வந்து, கிணற்றிலும் செம்பிலும் கொட்டகைத் தரையிலும் எடுத்துக்கொண்டு போனாள். ஊர் முழுக்க வேலியோரம் நின்று பார்த்தது. சகாதேவன் ஸ்டூல் போட்டு நின்றான்.

மறுபடியும் ஐந்து நாள். இந்த முறை ஜோதியம்மாள் லேபுக்குப் போகவில்லை. என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தது. கிணற்றுத் தட்டிலும் கொட்டகைத் தட்டிலும் அதே மிளகுப் புள்ளிகள். மேற்கொண்டு சோதித்ததில் பார்சல் சோற்றில் இருந்த அதே வகைதான் என்று உறுதியாயிற்று. சகாதேவன் டீக்கடையில் ஒரு ரவுண்டு டீ வாங்கிக் கொடுத்தான். அவன் சரித்திரத்தில் அது முதல் தடவை, அநேகமாகக் கடைசி. பேதியம்மாள் என்ற பெயர் செத்துப் பிழைத்து, முன்னைவிடக் கொழுகொழுவென்று ஊர் சுற்ற ஆரம்பித்தது.

முருகவேல் நோட்டீஸோடு வந்து திண்டாட்டமாகத் தலையைச் சொறிந்தார். "சட்டப்படி உங்களுக்கு இந்தத் தடவை அனுமதி இல்லன்னு எழுதணும்மா."

"எழுதுங்க சார்."

"ஆனா இத்தனை வருஷத்துல, தன் மேலயே புகார் குடுத்த ஆள நான் பாத்ததில்ல. எந்த ஃபாரத்துல எழுதறதுன்னே ஆபீஸ்ல யாருக்கும் தெரியல." நோட்டீஸை நீட்டினார். கிணற்றை மூட வேண்டும். கொட்டகையை ஐம்பதடி தள்ள வேண்டும். சமைத்த சோற்றில் பச்சைத் தண்ணீர் எந்தக் காரணத்துக்காகவும் படக் கூடாது. ஒரேயடியாகப் பிசையாமல் ரெண்டு மணி நேரத்துக்கு ஓர் அண்டா என்று பிசைந்து, காக்க வைக்காமல் உடனுக்குடன் கொடுத்து முடிக்க வேண்டும். மலையின் பங்கு போல ஊர்ப் பங்கிலும் ஒரு டப்பா எடுத்து மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். "இதெல்லாம் நடந்தா, பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்து பாக்கறேன்."

கிணற்றை மூடியது ஆதிமூலம். கோழிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக இடம் மாற்றியதும் அவர்தான். அதற்கு ஒரு முழு நாள் ஆயிற்று. சில கோழிகள் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டனவாம். பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னால் முருகவேல் வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

வைகாசிப் பௌர்ணமி. மாலை ஐந்து மணிக்குப் புளியமரத்தடியில் முதல் அண்டா. திருஷ்டிக்கு ஜோதியம்மாள் வேப்பங்கொத்தை விடவில்லை. கொதிக்கக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முக்கி, அண்டாவைச் சுற்றித் தரையில் தெளித்தாள். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. திருஷ்டிக்கு வழி தெரியும், சுற்றிக்கொண்டு போகட்டும்.

ஒரு மணி நேரம் யாரும் தட்டை நீட்டவில்லை. வந்தவர்கள் பந்தலைப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்து, சகாதேவன் சுண்டலுக்குப் போனார்கள். ஆதிமூலம் வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு டவுன் பக்கமிருந்து வெறுங்காலோடு ஒரு பெண் நடந்து வந்து முன்னால் நின்றாள். வெள்ளைக் கோட்டு இல்லாததால் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னால் லேப்காரர்கள் நாலு பேர், விரதம் முடிந்த முகத்தோடு.

"எங்க லேப்ல இவ்ளோ நாள் குடும்பம் நடத்தின சோறு," என்றாள் தேவிப்ரியா. "எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

ஜோதியம்மாள் தட்டில் ஒரு கரண்டி வைத்தாள். தேவிப்ரியா தட்டைக் கையில் வாங்கி, பழக்க தோஷத்தில் வெளிச்சத்துக்குத் தூக்கி, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். சுண்டல் பந்தலில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா பாப்பா," என்றாள் ஜோதியம்மாள், "அஞ்சி நாளு கழிச்சித்தான் சாப்புடுவியா?"

தேவிப்ரியா சிரித்துக்கொண்டே ஒரு வாய் போட்டாள். ரெண்டாவது வாய். மூன்றாவது வாய்க்குப் பிறகு தட்டை மறுபடி நீட்டினாள். சுண்டல் வரிசையிலிருந்து ஓர் ஆள் கழன்று இந்தப் பக்கம் வந்தான். அவன் பின்னால் ரெண்டு பேர். அவர்கள் பின்னால் ஒரு குடும்பம். அதில் ஒரு பெரியவர் ஆதிமூலத்திடம் கேட்டார்:

"ஏம்பா, பேதியம்மா பந்தல் இதானே? லேப்ல எல்லாம் டெஸ்ட் பண்ணதுன்றாங்களே, அந்தத் தயிர்சாதம்?"

ஆதிமூலம் அவளைப் பார்த்தார். ஜோதியம்மாள் கரண்டியை அண்டாவுக்குள் விட்டு, நிறைய அள்ளினாள்.

"இதான் பெரியவரே. தட்ட நீட்டுங்க."